பால்கனிக்கு மட்டும் கம்பி ஏன் மேலே?

இரு சுவர்களுக்கு நடுவே கிடக்கும் தளம் எடை ஏறினால் நடுவில் தொய்யும். அதன் அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் நசுக்கினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் விரிசல் விட்டுவிடும். அதனால் முக்கியக் கம்பியை அடியில் போடுகிறார்கள்.

பால்கனியில் எல்லாம் தலைகீழ். அதற்கு ஒரு முனையில்தான் பிடிமானம். மறுமுனை கீழே சாயப் பார்க்கும்போது இழுபடுவது மேற்பக்கம், அதிலும் சுவரை ஒட்டிய இடம்தான் மிக அதிகமாக. ஆகவே கம்பி மேலே ஓடி, கட்டடத்துக்குள்ளும் போதிய தூரம் நீள வேண்டும். கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் மிதித்து அது கீழே அமுங்கிவிட்டால் (இது நடக்கக்கூடியதே) வரைபடம் சரியாக இருந்தும் பயனில்லை.

பால்கனியின் நீட்டத்தை இரு மடங்காக்கினால், அதே தடிமனில், சீரான எடைக்கு நுனித் தொய்வு 16 மடங்காகும்.

அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், அருவிக்கு மேலே பால்கனிகள் நீண்டு நிற்கும் ஃபாலிங்வாட்டர் வீட்டை ஃபிராங்க் லாயிட் ரைட் 1935-இல் வடிவமைத்தார். உரிமையாளர் தரப்புப் பொறியாளர்கள் கூடுதல் கம்பி சேர்த்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கம்பியும் போதவில்லை என்பதுதான் வேடிக்கை. சென்ட்ரிங் பிரித்ததுமே மாடி தொய்ந்தது. கான்கிரீட் நிலையான எடையின் கீழ் ஆண்டுக்கணக்கில் மெல்ல நெகிழும் என்பதால், 1990-களில் தொய்வு சுமார் 18 செ.மீ. ஆகிவிட்டது. 2002-இல் உத்தரங்களை ஒட்டி எஃகு வடங்களை ஓட்டி, இழுத்து இறுக்கினார்கள். முழுதாக நிமிர்த்தவில்லை; மேலும் இறங்காமல் நிறுத்தினார்கள்.