செல்லின் சட்டகத்தைக் காட்டும் ஒளிரும் எதிர்ப்பொருள்கள்

நம் உடலைத் தாங்கி நிற்பது எலும்புக்கூடு என்பதை நாம் அறிவோம். ஆனால் அவ்வுடலை ஆக்கியுள்ள கோடானுகோடி செல்களில் ஒவ்வொன்றையும் தாங்கி நிற்பது எது? பழைய பாடநூல்களில் செல்லின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். நடுவே உட்கரு, அதைச் சுற்றிக் கூழ் போன்ற சைட்டோபிளாசம், வெளியே ஒரு மெல்லிய சவ்வு. செல் என்பது கூழ் நிரம்பிய வெறும் பை என்றால், இரத்த வெள்ளணு எவ்வாறு ஊர்ந்து சென்று கிருமியைப் பிடிக்கிறது? நரம்புச் செல் தன் நீண்ட இழையை எவ்வாறு குலையாமல் வைத்திருக்கிறது? ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுத்துச் செல்வது எது?

இவ்வினாக்களுக்கெல்லாம் விடை, செல்லுக்குள் பின்னிக் கிடக்கும் புரத இழைகளாலான சட்டகத்தில் இருக்கிறது. இதில் மூவகை இழைகள் உண்டு. ஆக்டின் என்னும் புரதத்தாலான நுண்ணிழைகள் சுமார் 7 நானோமீட்டர் தடிப்புள்ளவை. டியூபுலின் என்னும் புரதத்தாலான நுண்குழல்கள் சுமார் 25 நானோமீட்டர் தடிப்புள்ளவை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டு, சுமார் 10 நானோமீட்டர் தடிப்புடன் இருப்பவை இடைநிலை இழைகள். ஒரு நானோமீட்டர் என்பது ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இங்கேதான் சிக்கல் எழுகிறது. சாதாரண ஒளி நுண்ணோக்கியால், ஏறத்தாழ 200 நானோமீட்டருக்குக் குறைந்த இடைவெளியில் உள்ள இரு புள்ளிகளைப் பிரித்துக் காட்ட இயலாது. எலக்ட்ரான் நுண்ணோக்கி இழைகளைக் காட்டும். ஆனால் அதற்காகச் செல்லை மிக மெல்லிய சீவல்களாக அரிய வேண்டும். கோரைப்பாயிலிருந்து சீவிய ஒரு துண்டை மட்டும் பார்த்து, முழுப்பாயின் பின்னலை ஊகிப்பது போன்றது அது. மேலும், தென்படும் இழை எந்தப் புரதத்தால் ஆனது என்பதையும் அப்படம் தானாகச் சொல்லிவிடாது.

எதிர்ப்பொருளும் சாயமும்

அந்நியப் பொருள் ஒன்று உடலுக்குள் புகுந்தால், அதைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை உடல் ஆக்குகிறது என்பது நீங்கள் அறிந்ததே. பூட்டுக்கு ஏற்ற சாவி போல, ஒவ்வோர் எதிர்ப்பொருளும் தனக்குரிய பொருளையே நாடிச் சென்று பற்றும். அந்த எதிர்ப்பொருளின் மேல் ஒரு விளக்கை ஏற்றி வைத்துவிட்டால், அது சென்று ஒட்டிய இடம் நமக்குத் தெரிந்துவிடுமல்லவா?

இவ்வாறு எண்ணியவர் அமெரிக்காவின் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஆல்பர்ட் கூன்ஸ். ஒருவகை ஒளியை உட்கொண்டு, அதைவிட நீண்ட அலைநீளமுள்ள வேறு நிற ஒளியை உடனே வெளிவிடும் தன்மைக்கு ஒளிர்தல் என்று பெயர். அத்தன்மையுள்ள பொருளொன்றை எதிர்ப்பொருளுடன் வேதிமுறையில் இணைத்து, 1941ஆம் ஆண்டில் அவரும் அவருடைய தோழர்களும் முடிவுகளை வெளியிட்டனர். முதலில் அவர்கள் கையாண்ட பொருள் நீல நிறமாக ஒளிர்ந்தது. ஆனால் உடலின் திசுக்களும் இயல்பாகவே சற்று நீலமாக ஒளிர்வதால், எது திசு, எது எதிர்ப்பொருள் என்று பிரித்தறிவது கடினமாயிற்று. எனவே பச்சை நிறமாக ஒளிரும் ஃபுளோரசீன் என்னும் சாயத்துக்கு மாறினர். 1942ஆம் ஆண்டில், திசுக்களில் தங்கியிருந்த நிமோனியாக் கிருமியின் பொருளை இம்முறையில் காட்டினர். இச்சாயத்தை எளிதில் கையாளத்தக்க வடிவில் 1958இல் வேதியியலார் ஆக்கித் தந்த பின், இம்முறை உலகெங்கும் பரவியது.

ஃபுளோரசீன் ஏறத்தாழ 490 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை ஏற்று, ஏறத்தாழ 520 நானோமீட்டர் அலைநீளமுள்ள பச்சை ஒளியைத் தருகிறது. நுண்ணோக்கியிலுள்ள ஒரு வடிகட்டி நீல ஒளியை மட்டும் செல்லின் மேல் விழச் செய்யும். மற்றொரு வடிகட்டி திரும்பி வரும் நீலத்தைத் தடுத்து, பச்சையை மட்டும் கண்ணுக்கு விடும். ஆகவே இருண்ட பின்னணியில் சாயம் உள்ள இடம் மட்டுமே ஒளிரும். விண்மீனின் வட்டத்தை நம் கண்ணால் பிரித்தறிய இயலாவிட்டாலும் இருண்ட வானில் அதன் ஒளியைக் காண்கிறோம். அதுபோலவே 25 நானோமீட்டர் தடிப்புள்ள ஒரு குழலும் ஒளிக்கோடாகத் தெரிகிறது. ஆனால் மிக நெருங்கிய இரு குழல்கள் ஒரே கோடாகத்தான் தோன்றும்.

செய்முறை

செல்களை மெல்லிய கண்ணாடி வில்லையின் மேல் வளர்க்கின்றனர். பின் ஃபார்மால்டிஹைடு கரைசலில் இட்டு, புரதங்கள் இருந்த இடத்திலேயே நிலைத்து நிற்கும்படி செய்கின்றனர். எதிர்ப்பொருள் பெரிய மூலக்கூறு. செல் சவ்வைத் தாண்டி உள்ளே போகாது. ஆகையால் குளிர்ந்த அசிட்டோனாலோ சலவைத்தூள் போன்ற பொருளாலோ சவ்வில் துளைகள் உண்டாக்குகின்றனர். பிறகு, முயலிடமிருந்து பெற்ற ஆக்டின் எதிர்ப்பொருளை ஊற்றி, ஒட்டாதவற்றைக் கழுவி விடுகின்றனர். அடுத்து, முயலின் எதிர்ப்பொருள்களைப் பற்றக்கூடிய, ஆட்டிடமிருந்து பெற்ற, சாயம் ஏற்றிய இரண்டாம் எதிர்ப்பொருளைச் சேர்க்கின்றனர்.

ஏன் இந்த இருபடி? முதல் எதிர்ப்பொருள் ஒவ்வொன்றின் மேலும் இரண்டாவது எதிர்ப்பொருள்கள் பல ஒட்டுவதால் ஒளி மிகும். அத்துடன், முயலில் ஆக்கிய எந்த எதிர்ப்பொருளுக்கும் இந்த ஒரே சாயப் பொருளைப் பயன்படுத்தலாம்.

1974இல் கண்ட காட்சி

ஆக்டின் முதலில் தசையிலிருந்தே பிரித்தெடுக்கப்பட்டது. தசையல்லாத செல்களிலும் அது உண்டு என்று பின்னர் தெரிந்தபோதிலும், அங்கே எவ்வாறு அமைந்துள்ளது என்பதை முழுச்செல்லில் கண்டவர் இல்லை. எதிர்ப்பொருள் ஆக்குவதிலும் தடை இருந்தது. ஆக்டின் எல்லா விலங்குகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரியானது. ஆகவே முயலின் உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதுவது அரிது.

அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் எலியாஸ் லாசரிடீஸ், கிளவுஸ் வெபர் ஆகிய இருவரும் இத்தடையைக் கடந்தனர். சுண்டெலிச் செல்களின் ஆக்டினைச் சலவைத்தூள் போன்ற ஒரு பொருளால் உருக்குலைத்துத் தூய்மையாகப் பிரித்து, முயலுக்குச் செலுத்தினர். உருமாறிய அப்புரதத்துக்கு எதிர்ப்பொருள் கிடைத்தது. 1974இல் அவர்கள் வெளியிட்ட படங்களில், செல்லின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நேரான ஒளிக்கற்றைகள் ஓடின. அடுத்த ஆண்டில் டியூபுலினுக்கும் இவ்வாறே எதிர்ப்பொருள் கொண்டு, உட்கருவின் அருகிலிருந்து விளிம்பு வரை விரியும் நுண்குழல் வலையை ஆய்வாளர்கள் கண்டனர்.

ஒளிர்வதெல்லாம் ஆக்டினா?

இங்கே ஓர் ஐயம் எழ வேண்டும். எதிர்ப்பொருள் வேறொரு புரதத்தில் ஒட்டியிருந்தால்? இரண்டாம் எதிர்ப்பொருள் தானாகவே எங்காவது ஒட்டியிருந்தால்? இதற்காக ஒப்பீட்டுச் சோதனைகள் செய்கின்றனர். ஊசி போடாத முயலின் சீரத்தைக் கொண்டு அதே சோதனையைச் செய்தால் செல் இருண்டிருக்க வேண்டும். எதிர்ப்பொருளைத் தூய ஆக்டினுடன் முன்னரே கலந்துவிட்டால், அப்போதும் இழைகள் ஒளிரக்கூடாது.

நுண்குழல்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கால்ச்சிசின் என்னும் பொருள் டியூபுலினைப் பற்றி நுண்குழல்களைச் சிதைப்பது. நம் கண்வலிக்கிழங்கில், அதாவது செங்காந்தளில் உள்ள கொடிய நஞ்சு இதுவே. இதைச் செல்களுக்கு இட்ட பின் பார்த்தால் ஒளிரும் வலை மறைந்துவிடுகிறது. கண்டது நுண்குழலே என்பதற்கு இது நல்ல சான்று.

மருத்துவத்தில் பயன்

இடைநிலை இழைகள் திசுவுக்குத் திசு வேறுபடுவன. மேல்தோல், குடலின் உட்படலம் போன்ற எபிதீலியச் செல்களில் கெராட்டின், தசையில் டெஸ்மின், நரம்புச் செல்லில் நரம்பிழைப் புரதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாளம் உண்டு. ஒருவருடைய நிணநீர் முடிச்சில் கட்டி தோன்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன் செல்கள் உருக்குலைந்திருப்பதால், அது அங்கேயே பிறந்ததா, வேறு உறுப்பிலிருந்து பரவியதா என்று தோற்றத்தைக் கொண்டு சொல்ல முடியவில்லை. ஆனால் சிகிச்சையோ இரண்டுக்கும் வேறு வேறு. கெராட்டின் எதிர்ப்பொருள் ஒட்டினால், எபிதீலியத்திலிருந்து வந்த புற்று என்று மருத்துவர் ஐயுறுவார். பிற எதிர்ப்பொருள்களாலும் சோதித்து முடிவு செய்வார். மருத்துவமனைகளில் இதற்குப் பெரும்பாலும் ஒளிரும் சாயத்துக்குப் பதிலாக, நிறம் தோற்றுவிக்கும் நொதியை இணைக்கின்றனர். அடிப்படை ஒன்றே.

குறைகளும் வளர்ச்சியும்

இம்முறையில் செல் இறந்துவிடுகிறது. நாம் காண்பது அசைவற்ற படம். வலுவான ஒளியில் சாயமும் சிறிது சிறிதாக மங்கும். கோலரும் மில்ஸ்டைனும் 1975இல் கண்ட முறையால், ஒரே வகையான எதிர்ப்பொருளை வேண்டிய அளவு பெற முடிந்தது. உயிருள்ள செல்லில் புரதத்தின் நடமாட்டத்தைக் காண, சொறிமீனின் பச்சை ஒளிர்புரதம் 1990களில் உதவிக்கு வந்தது. 200 நானோமீட்டர் எல்லையைக் கடந்து காணும் நுண்ணோக்கி முறைகளுக்காக 2014இல் வேதியியல் நோபல் பரிசு வழங்கப்பட்டது. அம்முறைகள் பலவற்றிலும் ஒளிரும் எதிர்ப்பொருள்கள் இன்றும் பயன்படுகின்றன.

மாணவ நண்பர்களே! இருளில் பச்சை இழைகள் ஒளிரும் அழகிய படமொன்றை நூல்களில் காணும்போது, அதனருகே இருண்டு கிடக்கும் ஒப்பீட்டுப் படமும் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். ஒளிரும் படத்தை நாம் நம்பலாம் என்பதற்குச் சான்று அந்த இருண்ட படத்தில்தான் இருக்கிறது.