சிகிச்சைக்கு முன் எடை குறைப்பு: எவ்வளவு? எப்படி? எத்தனை மாதத்தில்?

(குழந்தைப்பேறு குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் மகப்பேறு மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



குழந்தை வேண்டிச் சிகிச்சைக்கு வரும் தம்பதியரிடம், "முதலில் எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள்" என்று சொல்லி அனுப்புவது எங்கள் மருத்துவர்களிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. சொல்வதற்குச் சில விநாடிகள் போதும். ஆனால் எவ்வளவு குறைப்பது, எப்படிக் குறைப்பது, எத்தனை மாதத்திற்குள் குறைப்பது என்று சொல்லாமல் அனுப்பினால் என்ன ஆகும்?

என்னிடம் வந்த ஒரு சகோதரியைப் பற்றிச் சொல்கிறேன். அவர் 35 வயதில் முதன்முதலாக மருத்துவரைப் பார்த்தபோது எடை 82 கிலோ, உயரம் 158 சென்டிமீட்டர். "60 கிலோவுக்கு இறங்கிய பிறகு வாருங்கள்" என்றார்களாம். வீட்டுக்கு வந்தவர் சோற்றை அடியோடு நிறுத்தினார். இரவில் ஒரே ஓர் ஆப்பிள். எட்டுக் கிலோ இறங்கியது. தீபாவளி கழிந்ததும் ஒன்பது கிலோ ஏறியது. அடுத்து வேலையிடத்துத் தோழி கொடுத்த 'ஸ்லிம்மிங்' காப்பி. நெஞ்சு படபடத்து, தூக்கம் கெட்டு, பயந்துபோய் அதையும் நிறுத்தினார். எடை குறையாமல் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று வெட்கப்பட்டு, பிறகு எங்குமே போகவில்லை. என்னிடம் வந்தபோது எடை 84 கிலோ. வயது 38.

கூடியது இரண்டு கிலோ. போனது மூன்று ஆண்டு. எடையை எப்போது வேண்டுமானாலும் குறைக்கலாம். 35 வயதுக்குப் பிறகு வேகமாகக் குறைந்துகொண்டே போகும் கருமுட்டைகளை யாராலும் திருப்பித் தர முடியாது.

எடைக்கும் கருத்தரிப்புக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. நிச்சயமாக உண்டு. உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. அதை ஈடுகட்ட உடல் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கிறது. அந்த அதிகப்படியான இன்சுலின், சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. விளைவு, முட்டை முதிர்ந்து வெளிவராமல் நின்றுவிடுகிறது. மாதவிடாய் இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை வருகிறது. பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பைக் கோளாறு உள்ள பெண்களிடம் இதை அதிகம் பார்க்கிறோம். சிகிச்சையிலும் சிக்கல் உண்டு. ஊசி மருந்து அதிகம் தேவைப்படலாம். முட்டை எடுக்க மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து கூடும். கருத்தரித்த பின் கருச்சிதைவு, கர்ப்பகால நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றின் அபாயமும் கூடும். நம் இந்திய வம்சாவளியினருக்கு நீரிழிவு எளிதில் வரும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

நம் நாட்டில் 2023இல் நடத்தப்பட்ட தேசிய சுகாதார ஆய்வின்படி, பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். ஆகவே இது ஒருவர் இருவர் பிரச்சினையல்ல. ஆசியர்களுக்கு உடல் எடைக் குறியீடு, அதாவது பி.எம்.ஐ., 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை, 27.5ஐத் தாண்டினால் பருமன். அந்தச் சகோதரிக்கு முதலில் அது ஏறக்குறைய 33 ஆக இருந்தது.

அப்படியானால் 22 கிலோவும் குறைந்தே ஆக வேண்டுமா? வேண்டியதில்லை. இதைத்தான் பலரிடம் யாரும் சொல்வதில்லை. இருக்கும் எடையில் 5 முதல் 10 விழுக்காடு குறைந்தாலே, பி.சி.ஓ.எஸ். உள்ள பலருக்கு முட்டை மறுபடியும் வெளிவரத் தொடங்குகிறது. 82 கிலோ உள்ளவருக்கு அது நான்கு முதல் எட்டுக் கிலோ மட்டுமே. வாரத்திற்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவது பாதுகாப்பான வேகம். கணக்குப் போட்டுப் பாருங்கள், மூன்று நான்கு மாதத்தில் முடிகிற காரியம்.

இன்னொரு செய்தியும் உண்டு. நெதர்லாந்தில் பருமனான பெண்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு ஆறு மாத எடை குறைப்புப் பயிற்சிக்குப் பிறகு சிகிச்சை, இன்னொரு குழுவுக்கு நேரடியாகச் சிகிச்சை என்று கொடுத்துப் பார்த்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது. எடை குறைத்த குழுவில், ஆரோக்கியமான குழந்தையைச் சுகப் பிரசவத்தில் பெற்றவர்களின் விகிதம் கூடவில்லை. ஆனால் சிகிச்சையே இல்லாமல் இயற்கையாகக் கருத்தரித்தவர்கள் அந்தக் குழுவில்தான் அதிகம். சுவீடன் உள்ளிட்ட சில நாடுகளில் ஐ.வி.எஃப். சிகிச்சைக்குக் காத்திருந்த பெண்களிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வும் ஏறக்குறைய இதையே காட்டியது. என் கருத்து இதுதான்: முட்டை வெளிவராத இளம் பெண்ணுக்கு எடை குறைப்பே ஒரு சிகிச்சை. 37, 38 வயதுப் பெண்ணை எடைக்காக ஒரு வருடம் காக்க வைப்பதில் நியாயமில்லை.

ஆகவே எடை குறைப்பும் பரிசோதனையும் ஒரே நாளில் தொடங்கட்டும். முட்டை இருப்பு, தைராய்டு, சர்க்கரை, கருக்குழாய், கணவரின் விந்தணு எல்லாவற்றையும் அந்த மூன்று மாதத்திலேயே பார்த்து முடித்துவிடலாம். கணவர் என்று சொன்னேன். எடை கூடிய ஆணுக்கும் ஹார்மோன் மாறி விந்தணு பாதிக்கப்படலாம். புதிய விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய மூன்று மாதம் பிடிக்கும். மனைவி கீரை சாப்பிட, கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மேகி கோரேங் சாப்பிடும் கதை நம் வீடுகளில் நிறைய!

சாப்பாட்டுக்கு வருவோம். சோற்றை நிறுத்தாதீர்கள், அளவைக் குறையுங்கள். நம் சுகாதார அமைச்சு சொல்லும் 'சுக்கு சுக்கு செப்பாரோ' முறை எளிதானது. தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், கோழி அல்லது பருப்பு, மீதி அரைப்பங்கு காய்கறியும் பழமும். காலையில் ரொட்டி சானாய் இரண்டு, மாலையில் கெட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், இடையில் கரிபாப் என்று இருப்பவர், தே தாரிக்கை 'தே ஓ கொசோங்' ஆக மாற்றினாலே முதல் மாதத்தில் வித்தியாசம் தெரியும். குழம்பில் தேங்காய்ப்பாலைக் குறைப்பது வீட்டில் சமைப்பவர் கையில் இருக்கிறது. மாமியார் சமைக்கும் வீடானால், அவரையும் ஒருமுறை டாக்டரிடம் அழைத்து வாருங்கள். நாங்கள் சொன்னால் கேட்பார். தினம் அரை மணி நேர வேக நடை, வாரத்தில் ஐந்து நாள். தாமான் பூங்காவே போதும். பல அரசாங்க சுகாதார கிளினிக்குகளில் உணவு ஆலோசனை கிடைக்கும், கேட்டுப் பெறுங்கள்.

இனி ஆபத்தான பகுதி. பசார் மாலாமிலும் இணையத்திலும் விற்கும் மெலிய வைக்கும் காப்பி, மாத்திரைகளில் சிபுட்ராமின் கலந்திருப்பதை மலேசிய, சிங்கப்பூர் அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளனர். மாரடைப்பு, பக்கவாத அபாயத்தால் 2010இல் பல நாடுகளில் சந்தையிலிருந்து மீட்டுக்கொள்ளப்பட்ட மருந்து அது. 'மூலிகை' என்று எழுதியிருப்பதால் அது மூலிகையாகிவிடாது.

இப்போது பலர் கேட்கும் வாராந்திர ஊசி செமாக்ளூடைட். டாக்டர் மேற்பார்வையில் நல்ல பலன் தரும். ஆனால் கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்திவிட வேண்டும். எடை குறையும்போது முட்டை திடீரென வெளிவரலாம். ஆகவே ஊசி போடும் காலத்தில் கருத்தடை அவசியம். வயிற்றைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை செய்துகொண்டால் 12 முதல் 18 மாதம் வரை காத்திருக்கச் சொல்வோம். வயதோடு சேர்த்து அதை யோசியுங்கள். ஐ.வி.எஃப். ஊசி தொடங்கிய பிறகு பட்டினியும் வேண்டாம், கடும் டயட்டும் வேண்டாம்.

கருத்தரிக்க முயல்வதற்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே ஃபோலிக் அமிலம் தொடங்க வேண்டும். பொதுவாகத் தினம் 400 மைக்ரோகிராம். பி.எம்.ஐ. 30க்கு மேல் உள்ளவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் 5 மில்லிகிராம் மாத்திரை எழுதுவது உண்டு. அதை டாக்டரே முடிவு செய்யட்டும். கொலஸ்ட்ரால், இரத்த அழுத்த மருந்துகளில் சில கர்ப்பத்திற்கு ஆகாதவை. அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து காட்டுங்கள்.

அந்தச் சகோதரி நான்கு மாதத்தில் ஐந்து கிலோ குறைத்தார். அவருடைய கணவர் ஏழு கிலோ. ஐந்தாம் மாதம் சிகிச்சையைத் தொடங்கினோம். அன்று அவர் எடை 79.