சந்தா குறைவுதான், கல்லாவில் யார் கை?

மார்ச் 31 நெருங்குகிறது. அடுத்த நிதியாண்டில் சிறுகடைகளுக்கான எளிய வரி முறையான ஜிஎஸ்டி காம்போசிஷன் திட்டத்துக்குள் போக நினைக்கும் வியாபாரிகள் அதற்குள் விருப்பத்தைப் பதிவு செய்துவிட வேண்டும். இந்தச் சமயத்தில் வரும் வாசகர் கடிதங்களில் இரண்டு கேள்விகள் திரும்பத் திரும்ப வருகின்றன. சொந்தமாக ஆன்லைன் கடை திறக்க எந்தத் தளம் நல்லது? காம்போசிஷனில் இருந்துகொண்டே அதை நடத்தலாமா? முதல் கேள்வியைக் கம்ப்யூட்டர் தெரிந்த மருமகனிடமும், இரண்டாவதை ஆடிட்டரிடமும் கேட்கிறார்கள். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

முதலில் ஆடிட்டர் பக்கம். காம்போசிஷனில் இருப்பவர் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. சொந்த வெப்சைட்டில் பெங்களூருவிலிருந்து ஒருவர் ஆர்டர் போட்டு, நீங்கள் அனுப்பிவிட்டால், அன்றோடு அந்தத் திட்டத்துக்கான தகுதி போய்விடும். எனவே காம்போசிஷன்தான் வேண்டும் என்பவர்கள் கடையைத் திறக்கும் முன்பே டெலிவரி மண்டலத்தைத் தமிழ்நாட்டோடு அடைத்துவிட வேண்டும். மாநில வாரியாக, பின்கோடு வாரியாக அப்படி அடைக்க வசதியில்லாத தளம் உங்களுக்கு ஆகாது. விற்பனைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது. டிசைன் பற்றியெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்.

இனி விலைக்கு வருவோம். ‘ஆல்-இன்-ஒன்’ என்று விளம்பரம் செய்பவர்கள் கடை, பேமென்ட், கூரியர், பில் எல்லாம் ஒரே இடத்தில் என்கிறார்கள். ஒரே இடத்தில் கிடைப்பது உண்மைதான். ஒரே இடத்தில் கணக்கு வருவதில்லை. அதைச் சென்னிமலையில் போர்வை, பெட்ஷீட் விற்கும் என் மாமாவின் கடையில் கண்ணால் பார்த்தேன்.

மாமா ஒரு வெளிநாட்டுத் தளத்தில் கடை வைத்திருக்கிறார். சந்தாவில் மாதம் 500 ரூபாய் மிச்சம் என்று அதைத் தேர்ந்தெடுத்தவர். ஆர்டர் நன்றாக வருகிறது, கையில் மட்டும் ஒன்றும் நிற்பதில்லை என்று வருத்தப்பட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய நீளக் கணக்கு நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு ஒரே ஒரு ஆர்டரை எடுத்தோம். இரண்டு பெட்ஷீட் 1,080 ரூபாய், கூரியருக்கு 120, மொத்தம் 1,200. அடக்கம், வரி எல்லாம் சேர்த்து 780. கூரியர் போக 300 ரூபாய் நிற்க வேண்டும் என்பது மாமாவின் கணக்கு.

வாடிக்கையாளர் யூபிஐயில் கட்டியிருந்தார். வங்கிக்கு வந்தது 1,171 ரூபாய் 68 காசு. பேமென்ட் கேட்வே 2 சதவீதம், அதாவது 24 ரூபாய் எடுத்துக்கொண்டு, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 4.32 ரூபாயும் பிடித்திருந்தது. யூபிஐக்குக் கட்டணமே கிடையாது என்று அரசு சொல்கிறதே என்று கேட்பீர்கள். 2020 ஜனவரி 1 முதல் யூபிஐக்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்டிஆர், அதாவது கடைக்காரரிடம் வாங்கும் பரிவர்த்தனைக் கட்டணம், பூஜ்யம் என்பது சட்டம். ஆனால் அந்தச் சட்டம் தடுப்பது எம்டிஆர் என்ற பெயரில் வாங்குவதை. கேட்வே நிறுவனம் தன் தொழில்நுட்பச் சேவைக்கு என்று வேறு பெயரில் வாங்கும் கட்டணம் கடைக்காரர் தலையில்தான் விழுகிறது. ‘இலவச யூபிஐ’ என்ற அறிவிப்பு சாலையோரப் பெட்டிக்கடையின் கியூஆர் அட்டைக்குப் பொருந்தும். ஆன்லைன் கடையின் ‘பே நவ்’ பட்டனுக்கும் அப்படியே பொருந்தும் என்று நம்பிவிடாதீர்கள். இன்னொன்று, அந்த 2 சதவீதம் பெட்ஷீட் விலைக்கு மட்டும் இல்லை. கூரியருக்கென்று வாங்கிய 120 ரூபாய்க்கும், அரசுக்குப் போக வேண்டிய வரிக்கும் சேர்த்துத்தான்.

கதை இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. மாதக் கடைசியில் அந்தத் தளம் தனியாக ஒரு பில் போட்டு மாமாவின் கிரெடிட் கார்டில் எடுத்திருந்தது. சந்தாவுக்குக் கீழே இன்னொரு வரி: பரிவர்த்தனைக் கட்டணம், 2 சதவீதம். நாங்கள் எடுத்த ஆர்டருக்கு அது 24 ரூபாய். கேட்வே தன் பங்கை வங்கிக்கு வருமுன்பே கழித்துக்கொள்கிறது. தளம் தன் பங்கை மாதம் கழித்துக் கார்டில் எடுக்கிறது. இரண்டும் ஒரே தாளில் வருவதே இல்லை. “மாப்ள, பேங்க்ல வந்ததத்தான் நான் நோட்டுல எழுதிட்டு வந்தேன். இது கார்டுல தனியாப் போயிட்டு இருந்திருக்கு” என்றார் மாமா. மாதம் நூறு ஆர்டர் என்றால் இரண்டும் சேர்ந்து 5,232 ரூபாய். சந்தாவில் அவர் மிச்சம் பிடித்த 500 ரூபாயை இதற்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

இந்த இரண்டாவது சதவீதம் எதற்கு? உலகில் அதிகம் பேசப்படும் தளமான ஷாப்பிஃபையை எடுத்துக்கொள்வோம். டோபியாஸ் லூட்கே 2004இல் கனடாவில் பனிச்சறுக்குப் பலகை விற்க ஒரு ஆன்லைன் கடை தொடங்கினார். அதற்கென எழுதிய மென்பொருளே 2006இல் ஷாப்பிஃபை ஆனது. இன்று அந்த நிறுவனத்தின் ஆண்டுக் கணக்கைப் பார்த்தால், 2023இல் வந்த சுமார் 706 கோடி டாலர் வருமானத்தில் சந்தாவின் பங்கு கிட்டத்தட்ட கால்வாசிதான். மீதி பெரும்பாலும் பேமென்ட்டிலும் அது சார்ந்த சேவைகளிலும் வருகிறது. எனவே தன் சொந்த பேமென்ட் சேவையைப் பயன்படுத்துபவர்களுக்கு இந்தக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கிறது. வேறு கேட்வே வைத்தால் சதவீதம் கேட்கிறது. அடிப்படைத் திட்டத்தில் அது 2 சதவீதம். வியாபார உத்தியாக இதைப் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அந்தச் சொந்த பேமென்ட் சேவை இந்தியாவில் கிடையாது! நம் ஊர்க் கடைக்காரர் வேறு கேட்வே வைத்துத்தான் ஆக வேண்டும், வைத்ததற்குச் சதவீதமும் கொடுத்தாக வேண்டும். தள்ளுபடிக்கான கதவே இல்லாத இடத்தில் இந்தக் கட்டணத்தை நியாயம் என்று என்னால் ஏற்க முடியவில்லை.

மேல் திட்டத்துக்குப் போனால் சதவீதம் குறையும் என்பார்கள். குறையும். மேல் திட்டம் மாதம் 4,000 ரூபாய் கூடுதல், கட்டணம் 2லிருந்து 1 சதவீதமாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 4 லட்சம் ரூபாய்க்கு ஆன்லைனில் விற்றால்தான் அந்தக் கூடுதல் சந்தா சமனாகும். அதற்குக் கீழே விற்பவருக்கு நஷ்டம். விற்பனைக்காரர் போனில் இந்தக் கணக்கைப் போட்டுக் காட்ட மாட்டார். நீங்களே போடுங்கள், ஒரு நிமிட வேலை.

சிஓடி, அதாவது பொருள் கைக்கு வந்ததும் பணம் என்ற முறைக்கு இந்தச் சதவீதங்கள் பொதுவாக இல்லை. அதைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் சிஓடிக்கு மாற்றிய ஒரு வாசகி, வாங்க மறுத்துத் திரும்பிய பார்சல்களைப் பற்றி எழுதியிருக்கிறார். போக ஒரு கூரியர் கூலி, வர ஒரு கூலி. ஆன்லைனில் பணம் கட்டியவருக்குத் திருப்பிக் கொடுத்தாலும், கேட்வே எடுத்த கட்டணத்தைப் பெரும்பாலும் திருப்பித் தருவதில்லை. பொருளும் விற்கவில்லை, கட்டணமும் போச்சு.

காம்போசிஷன் கேள்வி இங்கேதான் திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது. மாமா ரெகுலர் ஜிஎஸ்டியில் இருக்கிறார். எனவே கேட்வே பிடித்த அந்த 4.32 ரூபாயை உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம். காம்போசிஷன்காரருக்கு அந்த உரிமை கிடையாது. கேட்வே கட்டணம், தளத்தின் சந்தா, கூரியர் என்று ஒவ்வொன்றின் மீதும் விழும் ஜிஎஸ்டி அவருக்குச் செலவுதான். வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவும் முடியாது. பொருள் விற்பவர் என்றால் விற்பனையில் 1 சதவீதத்தைத் தன் கையிலிருந்து கட்ட வேண்டும். ‘எளிய திட்டம்’ என்று அரசு சொல்வது கணக்கு எழுதும் வேலையைப் பொறுத்தவரை சரி. ஆன்லைன் செலவுகள் நிறைய இருக்கும் கடைக்கு அது மலிவான திட்டமா என்பது வேறு கணக்கு. மார்ச் 31க்கு முன் உங்கள் ஆடிட்டரிடம் கேட்வே ஸ்டேட்மென்ட்டையும் தளத்தின் பில்லையும் சேர்த்தே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

மாமாவின் அந்த ஆர்டரில் இன்னொரு 52 ரூபாயும் போயிருந்தது, கூரியரில். பார்சலின் எடை 1.6 கிலோ. பெட்டி 40 செ.மீ. நீளம், 30 அகலம், 12 உயரம். மூன்றையும் பெருக்கி 5,000ஆல் வகுத்தால் 2.88. கூரியர் நிறுவனங்கள் உண்மை எடை, இந்தக் கன அளவு எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி போடுகின்றன. எனவே 3 கிலோவுக்குப் பில். பெட்டிக்குப் பதிலாக இறுக்கிக் கட்டிய கூரியர் கவருக்கு மாறியதில் இப்போது அந்தச் செலவு நின்றுவிட்டது. 300 என்று நினைத்த லாபம் அன்றைக்கு 195 ரூபாய் 68 காசாக முடிந்திருந்தது.

மற்ற கேள்விகளுக்குச் சுருக்கமாக.

மாதம் இருபது, முப்பது ஆர்டர்தான், தளம் தேவையா? வாட்ஸ்அப் பிசினஸ் கேட்டலாக்கும் சொந்த கியூஆரும் போதும். சந்தா கட்ட அவசரப்படாதீர்கள்.

கமிஷனே இல்லாத வழி? வூகாமர்ஸ் இலவச மென்பொருள், விற்பனையில் பங்கு கேட்காது. ஆனால் ஹோஸ்டிங், அப்டேட், பாதுகாப்பு எல்லாம் உங்கள் பொறுப்பு, ஆள் இல்லையென்றால் இறங்காதீர்கள்.

எல்லாத் தளங்களும் இரண்டாவது சதவீதம் கேட்குமா? இல்லை, கேட்காத தளங்களும் இருக்கின்றன, ஆனால் கேட்வே கட்டணம் எங்கும் தனி.

அமேசானில் விற்றால்? அங்கே டிசிஎஸ், அதாவது விற்பனைத் தொகையிலேயே பிடிக்கும் ஜிஎஸ்டி, 2024 ஜூலை 10 முதல் 0.5 சதவீதம்; உங்கள் சரக்கை மட்டும் விற்கும் சொந்த வெப்சைட்டில் அந்தப் பிடித்தம் இல்லை.

விற்பனை 40 லட்சத்துக்குக் கீழே, ஜிஎஸ்டி பதிவு வேண்டுமா? வெளிமாநிலத்துக்குப் பொருள் அனுப்பினால் பொதுவாக வேண்டும்; அறிவிக்கையில் உள்ள கைவினைப் பொருட்களுக்கு ஒரு விற்பனை வரம்பு வரை விலக்கு உண்டு, உங்கள் பொருளின் எச்எஸ்என் வகைப்பாட்டு எண்ணை வைத்து ஆடிட்டரிடம் கேளுங்கள்.

வாடிக்கையாளரின் கார்டு எண்ணைப் பத்திரப்படுத்த வேண்டுமா? வைத்துக்கொள்ளவே கூடாது, 2022 அக்டோபர் 1 முதல் கடைகள் அதைச் சேமிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை.

சாட்பாட் மட்டும்தான் பதில் சொல்கிறது, என்ன செய்வது? பணம் கட்டும் முன்பே ஒரு முறை போன் செய்து மனிதர் எடுக்கிறாரா என்று பாருங்கள். ஆன்லைன் கடைத் தளமான டுக்கானின் நிறுவனர் தன் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் 90 சதவீதம் பேரைச் சாட்பாட்டுக்காக நீக்கியதாக 2023 ஜூலையில் அவரே அறிவித்தார்.

டொமைனைத் தளமே இலவசமாகத் தருகிறதே? உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் தனியாக வாங்குங்கள். கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாகக் கிடைத்த வெப்சைட்கள் 2024 மார்ச்சில் மூடப்பட்டபோது, அந்த முகவரியை விசிட்டிங் கார்டிலும் போர்டிலும் அச்சடித்து வைத்திருந்தவர்கள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

தளம் மாறினால் வாடிக்கையாளர் பட்டியல் கூட வருமா? சோதனைக் காலத்திலேயே பத்து ஆர்டர் போட்டு, பெயர், போன் நம்பர், ஆர்டர் விவரம் மூன்றும் எக்ஸெல்லில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.