மருந்துக்குப் பின்னும் ஒரு கவலை

எச்.ஐ.வி. என்றதும் மரணத்தையே நினைக்கும் வழக்கம் நம்மை விட்டு இன்னும் அகலவில்லை. 2004 முதல் இலங்கை அரசு இலவசமாய் அளித்துவரும் மருந்தைத் தவறாது உட்கொள்வோர் முதுமை காண்கின்றனர். ஆயினும், கிருமி அடங்கிய பின்னரும் உடலினுள் அழற்சி முற்றுந் தணிவதில்லை. மாரடைப்பு அபாயம் ஏனையோரைவிட ஏறக்குறைய இருமடங்கு. இந்தியா உட்பட 12 நாடுகளில் நடைபெற்ற ஆய்வொன்றில், கொழுப்பைக் குறைக்கும் பிட்டாவாஸ்டட்டின் மாத்திரை பாரிய இதய, இரத்தக்குழாய் நோய்களின் அபாயத்தை 35 சதவீதம் குறைத்தமை 2023இல் வெளியாயிற்று.

நம் மலைநாட்டில் தடை வேறு. ஹற்றன் பக்கத்துத் தோட்டத் தொழிலாளி மருந்துக்குப் போனால் அன்றைய பேரும் சம்பளமும் போயின. இரத்த அழுத்தமும் சீனியும் பார்க்க இன்னொரு நாளா? பக்கத்துக் காம்பிராவார் வினவுவர். லயத்தில் இரகசியம் ஏது! மருந்து பெறும் அன்றே, அவ்விடத்திலேயே, இரண்டையும் பார்த்துவிட வேண்டுமென்கிறோம். வெற்றிலையோடு மெல்லும் புகையிலையைப் பற்றியும் வைத்தியர் அங்கேயே கேட்கலாம்.