தொழில் எண்ணம் எப்படிப் புளிக்கிறது?

"கடை எங்களோட போகட்டும், பிள்ளைங்க ஆபீஸ் வேலைக்குப் போகணும்." பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையின் பூக்கடைகளிலும், கிள்ளான் தெங்கு கிளானா சாலையின் துணிக்கடைகளிலும் இந்தப் பேச்சு புதிதல்ல. ஆனாலும் சில பிள்ளைகள் சொந்தத் தொழில்தான் என்று நிற்கிறார்கள். அந்த எண்ணம் எப்படி உருவாகிறது?

தோசை மாவை நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி, விருப்பம்: 'சொந்தத் தொழில் எனக்கு நல்லது' என்ற மதிப்பீடு. உளுந்து, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை. அளவில் கொஞ்சம்தான். ஆனால் புளிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்துவைத்து மாவை எழுப்புவது அதன் வழவழப்பே. வீட்டாரின் சொல், அடுப்படிச் சூடு. கோலாலம்பூர் வெக்கையில் ஒரே இரவில் பொங்கும் மாவு, ஃபிரிட்ஜுக்குள் அப்படியே கிடக்கும்.

உளவியலாளர் ஐசெக் ஐசன் 1991-இல் விரித்து எழுதிய கோட்பாட்டில் இந்த மூன்றும் உண்டு. பிரான்சிஸ்கோ லின்யானும் யி-வென் சென்னும் ஸ்பெயினிலும் தைவானிலும் ஆராய்ந்து 2009-இல் வெளியிட்ட முடிவு இன்னும் நுட்பமானது. சுற்றத்தாரின் கருத்து எண்ணத்தை நேராக மாற்றவில்லை. விருப்பத்தையும் நம்பிக்கையையும் மாற்றி, அவற்றின் வழியாகவே வேலை செய்தது. சூடும் அப்படித்தானே? அது மாவில் சேரும் பொருள் அல்ல. ஆனால் அது இல்லாமல் எதுவும் பொங்காது.

தோசைக்கல் தனி; அது பதிவும் கடனும் போன்ற வெளி வசதி. நிறுவன ஆணையமான எஸ்.எஸ்.எம்.-இல் சொந்தப் பெயரில் தொழிலைப் பதிய ஆண்டுக்கு 30 ரிங்கிட், வணிகப் பெயரில் 60 ரிங்கிட். இந்தியச் சமூகத்துக்கென்றே தெக்குன் நிறுவனத்தில் ஸ்பூமி கடன் திட்டம் இருக்கிறது. நம் கூட்டங்களில் பேச்செல்லாம் இந்தக் கல்லைப் பற்றித்தான். கல் வேண்டும், மறுக்கவில்லை. மாவு எழாமல் கல்லை மட்டும் காயவைத்து என்ன பயன்?

எழுந்த மாவெல்லாம் தோசையாகிவிடுவதும் இல்லை. ஐசனின் கோட்பாட்டைப் பல துறைகளில் சோதித்த 185 ஆய்வுகளை 2001-இல் தொகுத்துப் பார்த்தார்கள். எண்ணங்களில் காணும் வேறுபாட்டில் 39 விழுக்காட்டை அது விளக்கியது. செயலில் 27 விழுக்காட்டைத்தான்.

வகுப்பில் பாடம் நடத்தினால் போதுமா? நெதர்லாந்தில் மாணவர்களுக்கு நடத்திய ஒரு தொழில்முனைவுப் பயிற்சியை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்டார்கள். அதில் தொழில் தொடங்கும் எண்ணம் குறைந்தேபோயிருந்தது. நம்பிக்கையை மிகுதியாக வளர்ப்பது செய்து பார்த்த அனுபவமே என்று ஆல்பர்ட் பண்டூரா 1977-லேயே சொல்லிவிட்டார்.

நம் கடைகளில் குறைவது அந்த உளுந்துதான் என்பது என் எண்ணம். பள்ளி விடுமுறையில் பிள்ளையைக் கல்லாவில் உட்கார வைக்கிறோம். கொள்முதலை மட்டும் கையில் கொடுப்பதில்லை. வெள்ளிக்கிழமைக்கு எத்தனை கிலோ மல்லிகை எடுப்பது? மிஞ்சினால் சனிக்கிழமை வாடிப்போகும். குறைந்தால் வாடிக்கையாளர் பக்கத்துக் கடைக்குப் போவார். இந்தக் கணக்கை ஒருமுறை தானே போட்டு, நட்டப்பட்டு, மறுவாரம் திருத்தியவருக்குத்தான் 'முடியும்' என்று தோன்றும்.

கடை வைத்திருக்கும் பெற்றோரே, வரும் தீபாவளிச் சந்தையில் ஒரு மேசையை மகளிடமோ மகனிடமோ விடுங்கள். கொள்முதல், விலை, கணக்கு மூன்றும் அவர்கள் பொறுப்பாகவே இருக்கட்டும்.