நுவரெலியா: துரைமார் கழகமும் லயத்து முற்றமும்

நுவரெலியா மாவட்டத்தின் விளையாட்டு வரலாறு என்றதும் வெள்ளைத் துரைமாரின் கழகங்களே முன்னே வந்து நிற்கும். 1875இல் குதிரைப் பந்தயம், 1876இல் ஹில் கிளப், 1889இல் கோல்ப் கழகம் என அவை வரிசையாக எழுந்தன. இலைநோயால் கோப்பி அழிந்து, தேயிலை படர்ந்துகொண்டிருந்த காலம் அது.

அந்தத் தேயிலையை நட்டு வளர்த்த தமிழ்த் தொழிலாளருக்கு அக்கழகங்களில் இடமில்லை. லயத்து முற்றமே அவர்களின் மைதானம். கபடியும் கிளித்தட்டும் அங்கேதான். மாசியிலே காமன் கூத்தும் தோட்டத்து மண்ணிலேதான்.

இம்மக்களின் வாழ்வை எழுத்தில் நிறுத்தியவர் ஸி. வி. வேலுப்பிள்ளை. 1914இல் மடக்கும்புர தோட்டத்திற் பிறந்தவர். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் வென்ற எழுவரில் ஒருவராய், தலவாக்கலைத் தொகுதியிலிருந்து பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே வந்த பிரஜாவுரிமைச் சட்டம் அவருக்கு வாக்களித்த மக்களையே நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் பறிபோனது. எஞ்சியோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஆனால் மக்களின் பாட்டை எந்தச் சட்டத்தாலும் பறிக்க முடியவில்லை. தோட்டங்களிற் பாடப்பட்டவற்றைத் திரட்டி, 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார் ஸி. வி. 1984இல் அவர் மறைந்தாலும் அந்தப் பணி முடியவில்லை.

கழகங்களுக்குக் கல்லிற் கட்டடம் உண்டு. நம்மவர் வரலாற்றுக்கு நினைவே கட்டடம். நேயர்களே, உங்கள் வீட்டு அம்மாயி பாடும் பாட்டை இன்றே எழுதி வையுங்கள்.