மூடி திறந்திருக்கும் நேரம்

நாகப்பட்டினம் பக்கம் வயரிங் வேலை பார்க்கிறவன் நான். அடைமழைக்கு முன்னால், புரட்டாசியிலேயே தோட்டத்துப் பிளக் பாயிண்டை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று வாடிக்கைக்காரர்களிடம் சொல்வேன். கேட்டுக்கொள்வார்கள். கார்த்திகையில், வீடு முழுக்க இருட்டான பிறகுதான் போன் வரும்.

வெளியே பொருத்துகிற சாக்கெட் பெட்டியின் மேல் ஐ.பி. 44, ஐ.பி. 55 என்று ஓர் எண் அச்சிட்டிருக்கும். முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. இரண்டாவது 4 என்றால் எந்தப் பக்கமிருந்து தெறித்தாலும் தாங்கும். 5 என்றால் குழாயால் பீய்ச்சினாலும் தாங்கும். கடையில் இந்த எண்ணைக் கேட்டு வாங்குகிறவர்கள்கூட இன்னொன்றைக் கேட்பதில்லை. இது மூடி சாத்தியிருக்கும்போது உள்ள கணக்கா, பிளக் சொருகியிருக்கும்போது உள்ள கணக்கா?

பல பெட்டிகளில் பிளக்கைச் சொருகினால் மூடி அதன்மேல் தூக்கிக்கொண்டு நிற்கும். புல்வெட்டும் மிஷினும் மோட்டாரும் ஓடுவதே அந்த நேரத்தில்தான். அப்போது அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வெளிச் சாக்கெட்டைப் பிளக்கோடு சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்பது என் கட்சி. பிளக் உள்ளே இருக்கும்போதே சாத்துகிற மாதிரி ஆழமான மூடியும், வயர் வெளியே வர அடியில் வெட்டும் உள்ள பெட்டிகள் கிடைக்கின்றன. கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரில் நீல நிறத்தில் உருண்டையான இண்டஸ்ட்ரியல் பிளக் பார்த்திருப்பீர்களே, அது இன்னும் உத்தமம். சொருகியதும் மூடியின் கொக்கி பிளக்கைப் பிடித்துக்கொள்ளும், இழுத்தாலும் வராது. நீலம் 230 வோல்ட்டுக்கு, சிவப்பு மூன்று ஃபேஸுக்கு.

எவ்வளவு நல்ல பெட்டியானாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் சேரும். மழை வராவிட்டாலும் பகல் சூட்டுக்கும் இரவுக் குளிருக்கும் உள்காற்று வேர்க்கும். அந்தத் தண்ணீர் வடிய அடிப்பக்கம் சிறு துளை இருக்க வேண்டும். அதையும் சேர்த்து சிலிக்கான் பூசி அடைத்துவிடுகிறவர்கள் உண்டு, பெட்டி தொட்டியாகிவிடும். வயரை மேலிருந்து இறக்கக் கூடாது. கீழே ஒரு வளைவு தொங்கவிட்டு, அடியிலிருந்து கிளாண்ட் வழியாக ஏற்றினால் வழிகிற தண்ணீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

அடுத்தது குளவி. மூன்று ஓட்டைகளில் பெரியது எர்த் ஓட்டை, அதில்தான் மண்கூடு கட்டும். நம் ஊர்ப் பிளக்கில் எர்த் பின் மற்ற இரண்டையும்விட நீளம். முதலில் உள்ளே போய் எர்த்தைத் தொடவும், ஷட்டர் உள்ள சாக்கெட்டில் மற்ற இரண்டு ஓட்டைகளைத் திறந்துவிடவும்தான் அந்த நீளம். கூடு அடைத்துக்கொண்டால் அது போகாது. உடனே எர்த் பின்னைக் கழற்றிவிட்டு இரண்டு பின்னோடு ஓட்டுகிற புத்திசாலிகளைப் பார்த்திருக்கிறேன். ஈரத் தரை, வெறுங்கால், இரும்பு உடம்புள்ள மோட்டார், எர்த் இல்லை. இதற்குமேல் என்ன சொல்ல?

கடற்கரை ஊரில் உப்புக்காற்று பித்தளைப் பின்களில் பச்சைக் களிம்பு ஏற்றும். களிம்பு ஏறினால் தொடுகை கெடும், கெட்ட இடம் சூடாகும், சூட்டில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் தளரும், தளர்ந்தால் இன்னும் சூடு. தேங்காய் எண்ணெய் தடவுகிறார்கள். தூசி ஒட்டுவதைத் தவிர ஒரு பலனும் கிடையாது. சாக்கெட் பழுப்பேறியிருந்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் மாற்றிவிடுங்கள், பிளக்கையும் சேர்த்து. ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதைக் கெடுக்கும். இன்னொரு கணக்கு: கார் கழுவும் பிரஷர் வாஷர் 1,800 வாட் என்றால் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 8 ஆம்பியர் இழுக்கும். அதைக் கன்வெர்ட்டர் போட்டு 6 ஆம்பியர் சாக்கெட்டில் சொருகினால் பழுப்பேறாமல் என்ன செய்யும்? 16 ஆம்பியர்தான் வேண்டும். சுருட்டி வைக்கிற எக்ஸ்டென்ஷன் வயரை முழுக்க அவிழ்த்துவிட்டு ஓட்டுங்கள். சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லை.

இனி ஆர்.சி.சி.பி. எம்.சி.பி. இருக்கிறதே போதாதா என்பார்கள். 16 ஆம்பியர் எம்.சி.பி. வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. 10 மில்லி ஆம்பியர் அளவு உடம்பில் பாய்ந்தாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். 16 ஆம்பியர் என்பது அதைப்போல 1,600 மடங்கு. கலிஃபோர்னியாவில், பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல் இந்த ‘கையை விடும்’ அளவைத் தன்னார்வலர்களை வைத்தே சோதித்தவர். அமெரிக்க வீடுகளில் இன்று இருக்கும் கசிவுத் தடுப்பானை 1961-ல் உருவாக்கியவரும் அவர்தான். நம் ஆர்.சி.சி.பி.யும் அதே ரகம். ஃபேஸில் போன கரன்ட் அத்தனையும் நியூட்ரலில் திரும்புகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால், அது எங்கோ தரைக்குக் கசிகிறது என்று கணக்கு. கண் இமைக்கும் நேரத்தில் விழுந்துவிடும்.

“ஏந்தம்பி, மழை பேஞ்சா இது விழுந்துகிட்டே இருக்கு. எடுத்துட்டு நேரா குடுத்துடேன்” என்றார் ஒரு வாடிக்கைக்கார அம்மா.

“அது விழலன்னா நீங்க விழுவீங்கம்மா. சாக்கெட்ட வேணா மாத்தித் தரேன், இத தொடமாட்டேன்” என்றேன். திறந்து பார்த்தால் பெட்டிக்குள் கட்டெறும்புப் புற்று, நனைந்து களியாகக் கிடந்தது.

ஆர்.சி.சி.பி.யில் ‘டி’ என்று ஒரு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்துங்கள். உடனே விழ வேண்டும். விழாவிட்டால் மாற்ற வேண்டும். ஆனால் எர்த் வயரே அறுந்திருந்தாலும் அந்தப் பொத்தானுக்கு அது விழும். ஆகவே எர்த்தைத் தனியாக அளக்க வேண்டும். பழைய வீடுகளில் எர்த்தை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். பிறகு குழாயைப் பி.வி.சி.யாக மாற்றியிருப்பார்கள், எர்த் வயர் மட்டும் மிச்சக் குழாயில் கட்டியபடியே இருக்கும், தரைக்குப் போகாமல். அப்படியிருந்தால் புதிதாக எர்த் குழி தோண்டித்தான் ஆக வேண்டும். ஏற்கெனவே குழி இருக்கிறவர்கள் சித்திரை வெயிலில் அதில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றிவையுங்கள். காய்ந்த மண்ணில் கரன்ட் இறங்காது.